மதுரை வெயிலில் ஹேர் பேட்ச்: ஓடியாடுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வழுக்கையை மறைக்கத் தலையில் ஹேர் பேட்ச், அதாவது முடி கட்டிய மெல்லிய ஏட்டை, ஒட்டிய நாளோடு காலை ஓட்டத்தை நிறுத்தியவர்கள் நம்ம ஊரில் இருக்கிறார்கள். ஷட்டில் மட்டையைப் பரணில் ஏற்றிவிட்டவர்கள், பிள்ளைகள் குற்றாலத்துக்குக் கூப்பிட்டால் முதுகு வலி என்று சொல்லி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்பவர்கள், ஹெல்மெட்டுக்குப் பயந்து பைக்கை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு மாறியவர்கள். முடி கொட்டியது ஒரு வருத்தம் என்றால், அதை மறைக்கப்போய் உடம்பை முடக்கிக்கொள்வது அதைவிடப் பெரிய வருத்தம். அப்படி முடங்க வேண்டிய அவசியமே இல்லை. பல வருடங்களாகப் பேட்ச் வைத்துக்கொண்டே ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுகிறேன், சாயங்காலம் ஷட்டில் ஆடுகிறேன், வேலைக்கு ஹெல்மெட் போட்டு வண்டியில்தான் போய் வருகிறேன்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கடையில் சொல்லித்தரும் முறையில். "அண்ணே, ஒட்டிட்டா ஒரு மாசத்துக்குக் கையே வைக்க வேண்டாம்ணே. குளிக்கலாம், தூங்கலாம், எல்லாம் பண்ணலாம்ணே" என்று தம்பிகள் நம்பிக்கையோடு சொல்வார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது ஓரளவு சரி. கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் தினமும் வேர்த்துக் கொட்ட ஓடுபவருக்கு அது ஒத்துவராது. ஓடியாடுபவர் இரண்டே கேள்விகளைப் பிடித்துக்கொண்டால் போதும். வியர்வை வெளியேற வழி இருக்கிறதா? இதை நானே வீட்டில் கழற்றி, கழுவி, திரும்ப ஒட்ட முடியுமா? இரண்டுக்கும் "ஆமாம்" என்று பதில் வராத பேட்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

படி 1: பேட்ச் கடைக்கு முன்னால் தோல் டாக்டர்

முடி ஏன் கொட்டியது என்று தெரியாமல் மேலே ஒட்டக்கூடாது. ஆண்களுக்கு நெற்றி ஏறி உச்சி வெளுப்பது பெரும்பாலும் பரம்பரையாக, ஹார்மோன் காரணமாக வருவது. அதன்மேல் பேட்ச் வைப்பதில் தடையில்லை. டைபாய்டு, டெங்கு, பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு. அது பெரும்பாலும் சில மாதங்களில் தானாக முளைத்துவிடும். அதற்கு அவசரப்பட்டுப் பணம் போட வேண்டாம்.

புழுவெட்டு என்று நாம் சொல்வதில் புழு எதுவும் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வட்ட வட்டமாக உதிர்கிறது. பலருக்குத் திரும்ப முளைக்கும். சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு, அந்தப் புண்மேல் பேட்சைப் பிடிக்கும் இருபக்க டேப்பை ஒட்ட வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தலைத்தோல் வழவழவென்று பளபளத்து, முடித்துளையே தெரியாமல் இருந்தாலோ, எரிச்சலும் சிவப்பும் இருந்தாலோ அது தழும்பு விழும் வகையாக இருக்கலாம். அங்கே தாமதிக்காமல் மருத்துவம்தான் முதலில். அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுவதற்குச் செலவும் கிடையாது.

கீமோதெரபியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சமயத்தில் தலைத்தோல் மிகவும் மென்மையாகிவிடும். க்ளூ, டேப் எதுவும் வேண்டாம். மெல்லிய பருத்திக் குல்லாவின் மேல் முழு விக் போட்டுக்கொள்ளுங்கள். எந்த அளவுக்கு நடக்கலாம், எப்போது நடக்கலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: பேஸ் தேர்வு

முடி எந்த அடித்துணியில் கட்டப்பட்டிருக்கிறதோ அதுதான் பேஸ். ஓடியாடுபவருக்குப் பாதி வெற்றியோ தோல்வியோ இங்கேயே தீர்மானமாகிவிடும். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

லேஸ் என்பது கொசுவலை போன்ற நுண்ணிய வலை. காற்று புகும், வியர்வை மேலேறி ஆவியாகும். இதில் ஸ்விஸ் லேஸ் மெலிசு, முன்நெற்றியில் கண்ணுக்கே தெரியாது, ஆனால் சீக்கிரம் கிழியும். பிரெஞ்சு லேஸ் கொஞ்சம் தடிப்பு, கூடுதல் நாள் தாங்கும். அடிக்கடி கழற்றி மாட்டுகிற கைக்கு பிரெஞ்சு லேஸ்தான் என் தேர்வு.

ஸ்கின் பேஸ் அல்லது பி.யு. என்று சொல்வது ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் ஏடு. தோலோடு ஒட்டிக்கொண்டு அச்சு அசல் மண்டை மாதிரியே தெரியும். டேப் நன்றாகப் பிடிக்கும், துடைப்பதும் சுலபம். ஆனால் அதில் துளை கிடையாது. மே மாதம் ஒரு மணி நேரம் ஆடினால் வியர்வைக்குப் போக்கிடம் இல்லாமல் ஏட்டுக்கும் தோலுக்கும் நடுவில் தேங்கி, க்ளூவை வெள்ளைக் கூழாக்கிவிடும். அந்தக் கூழ் காதோரம் வழிந்து வருவதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

மோனோ என்பது கெட்டியான நைலான் வலை. நீடித்து உழைக்கும், காற்றும் ஓரளவு போகும். ஆனால் நெற்றிக்கோட்டில் தடிப்பாகத் தெரியும்.

நான் பரிந்துரைப்பது கலப்பு பேஸ்: நடுவிலும் முன்னாலும் லேஸ், பக்கவாட்டிலும் பின்னாலும் மட்டும் விரல் அகலத்துக்குக் குறைவான பி.யு. விளிம்பு. டேப் பிடிக்க விளிம்பு இருக்கும், வேர்வை ஏற வலை இருக்கும். பி.யு. விளிம்பு தலையைச் சுற்றி முழு வட்டமாக இருக்கக் கூடாது, முன்பக்கம் திறந்திருக்க வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பேஸில் கிளிப் வைத்துத் தைத்த பேட்ச் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நடைப்பயிற்சிக்கும் ஆபீசுக்கும் அது நல்லது, ராத்திரி கழற்றி வைத்துவிடலாம். ஓட்டத்துக்கும் ஷட்டிலுக்கும் ஒத்துவராது. ஒவ்வொரு குதிப்பிலும் கிளிப் உங்கள் சொந்த முடியை வேரோடு இழுக்கும். அதே இடத்தில் நாள்கணக்காக இழுத்தால் அங்கேயும் வழுக்கை விழும். கபடி, கால்பந்து மாதிரி மோதல் ஆட்டங்களில் உலோகக் கிளிப் மண்டையைக் கிழித்துவிடவும் கூடும்.

படி 3: முடியின் அடர்த்தியும் நிறமும்

கடையில் எல்லோருக்கும் அடர்த்தியாகக் கேட்கத்தான் ஆசை வரும். இத்தனை வருடம் இல்லாததல்லவா! ஆனால் அடர்த்தி கூடினால் பாரம், வெக்கை, காய்கிற நேரம் மூன்றுமே கூடும், பார்க்கிறவருக்கும் சட்டென்று தெரிந்துவிடும். நடுத்தரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சொல்லுங்கள். முன்நெற்றியின் முதல் வரிசைகள் இன்னும் மெலிசாக, ஒவ்வொரு முடிச்சிலும் ஒற்றை முடியாக இருக்கட்டும். நீளம் மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வேர்த்த நெற்றியில் நீள முடி ஒட்டிப் பிரிந்தால் பேஸின் விளிம்பு வெளியே தெரிந்துவிடும்.

நிறத்தில் பலரும் கேட்பது 'நல்ல கருப்பு'. நிற அட்டையில் 1 என்பது கன்னங்கரேல். நம்மவர்களின் இயற்கைக் கருப்புக்குப் பெரும்பாலும் 1பி தான் பொருந்தும். காதோர முடியை வெளிச்சத்தில் அட்டையோடு வைத்துப் பாருங்கள். காதோரம் நரை இருந்தால் பேட்சிலும் அதே அளவுக்கு நரை கலக்கச் சொல்லுங்கள். நாற்பத்தைந்து வயதில் பக்கவாட்டில் நரையும் உச்சியில் அட்டக் கருப்புமாக இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பழனியிலும் திருப்பதியிலும் மொட்டைக் காணிக்கையாக விழும் முடி ஏலத்தில் போய், தரம் பிரித்து, இந்த மாதிரிப் பேட்சுகளுக்கும் விக்குகளுக்கும் வருகிறது. நல்ல முடிதான். ஆனாலும் வேரிலிருந்து எண்ணெய்ச் சத்து கிடைக்காத முடி என்பதால் வெயிலில் நிறம் இறங்கி இரண்டு மூன்று மாதத்தில் செம்பட்டை தட்டும். வெயிலில் ஓடுபவருக்கு இன்னும் சீக்கிரம். அதற்கு வழி, காலை ஏழு மணிக்குள் ஓட்டத்தை முடிப்பது அல்லது லேசான தொப்பி போடுவது. நிறம் ஏற்ற வேண்டி வந்தால் பவுடர் டையை வீட்டில் கரைத்துத் தடவாதீர்கள். அது லேஸைக் கறையாக்கும். அதில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையையும் தரும். அனுபவமுள்ளவர் கையில், பேஸில் படாமல், நுனியில் மட்டும் ஏற்றச் சொல்லுங்கள்.

படி 4: அளவு எடுப்பது

கடையில் அளவு டேப்பை வைத்து நீளம் அகலம் மட்டும் குறித்துக்கொண்டு அனுப்பினால் சம்மதிக்காதீர்கள். உட்காரும் பேட்சுக்கும் துள்ளும் பேட்சுக்கும் வித்தியாசம் மண்டையின் வளைவில் இருக்கிறது. தலையில் சமையலறை பிளாஸ்டிக் உறையை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் செல்லோ டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மார்க்கரில் வழுக்கையின் எல்லையை வரைந்து, கழற்றி வெட்டினால் உங்கள் மண்டையின் அச்சே கிடைத்துவிடும். முன், பின், வகிடு மூன்றையும் அதில் குறித்துவிடுங்கள்.

நெற்றிக்கோடு எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு ஒரு வழி உண்டு. கண்ணாடி முன்னால் புருவத்தை நன்றாக உயர்த்துங்கள். நெற்றியில் விழும் சுருக்கங்களில் மேல் சுருக்கத்துக்கும் மேலேதான் பேட்ச் தொடங்க வேண்டும். அதற்குக் கீழே இறக்கினால், ஆட்டத்தில் நீங்கள் பந்தை நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் சுருக்கம் விழுந்து க்ளூவை நெம்பும். அரை அங்குலம் மேலே ஏற்றியே வையுங்கள். வயதுக்கும் அதுதான் பொருத்தமாக இருக்கும்.

படி 5: ஒட்டும் முறை

முதல்முறை ஒட்டுவதற்கு இரண்டு நாள் முன்னால், க்ளூவையும் டேப்பையும் முழங்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் ஒட்டி 48 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்த வகை உங்களுக்கு ஆகாது. பெரும்பாலானவை அக்ரிலிக் வகையைச் சேர்ந்தவை. சிலருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

பேஸ் உட்காரும் இடத்தில் சொந்த முடியை மழித்துவிட வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். வளர்கிற முடி பேட்சைக் கீழிருந்து தூக்கும். மழித்த உடனே ஒட்டாதீர்கள். முந்தின நாள் ராத்திரி மழித்து, மறுநாள் ஒட்டினால் எரியாது.

தலையை ஷாம்பு போட்டுக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து விளிம்பு வரும் இடத்தைத் துடையுங்கள். நம்ம தலையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு முதல் பஞ்சில் மஞ்சளாக வரும். பஞ்சு வெள்ளையாக வரும் வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். அதன்மேல் ஸ்கால்ப் புரொடெக்டர் என்ற தோல் காக்கும் திரவம் ஒரு பூச்சு, ஐந்து நிமிடம் காய விடுங்கள். இதையெல்லாம் மின்விசிறிக்குக் கீழே, வேர்க்காமல் உட்கார்ந்து செய்ய வேண்டும். குளித்து முடித்த சூட்டோடு அவசரமாக ஒட்டினால் அன்று மத்தியானமே கிளம்பிவிடும்.

முன்பக்க லேஸுக்கு மட்டும் வாட்டர் பேஸ்டு (நீர் கலந்து செய்த) வகை க்ளூவை மெலிசாகத் தடவுங்கள். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசுவதைவிட மெலிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் பால் வெள்ளை மாறிக் கண்ணாடியாகத் தெளியும் வரை காத்திருந்து பூசினால் பிடிப்பு உறுதியாக இருக்கும். பக்கத்திலும் பின்னாலும் டேப். இங்கேதான் ஓடியாடுபவருக்கான முக்கிய மாற்றம் இருக்கிறது. டேப்பைச் சுற்றிலும் தொடர்ச்சியாக ஒட்டாதீர்கள். இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளி விடுங்கள். பின்னால், பிடரிக்கு மேலே, ஒரு அங்குல இடைவெளி கட்டாயம். ஓட்டுக்கூரையில் மழைத்தண்ணீர் இறங்க வழி விடுவது மாதிரி, உச்சியில் ஊறும் வேர்வை இந்த இடைவெளிகள் வழியாகக் கீழே இறங்கிவிடும். ஒட்டிய டேப்புக்கு அடியில் போய்த் தேங்காது.

ஒட்டிய பிறகு பல்லகலமான சீப்பின் முதுகால் விளிம்பை அழுத்தித் தேய்த்து, ஒரு துணியைத் தலையில் இறுக்கிக் கட்டி அரைமணி நேரம் இருங்கள். 24 மணி நேரத்துக்குத் தலைக்குத் தண்ணீர் வேண்டாம், வேர்க்கவும் வேண்டாம். அதனால் சனிக்கிழமை ராத்திரி ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, திங்கள் காலையில் மைதானம் என்று வைத்துக்கொள்வது வசதி.

முடி வளர மினாக்சிடில் மருந்தைத் தலையில் போடுபவர்கள் கவனிக்க: மருந்து போட்ட ஈரத்தில் பேட்ச் ஒட்டக்கூடாது. க்ளூவும் பிடிக்காது, மூடிய தோலில் மருந்து அளவுக்கு மேல் உள்ளே போகவும் வாய்ப்பு உண்டு. டாக்டரைக் கேட்டு நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மைதானத்தில்

முதல் நாளே பந்தயம் வேண்டாம். வீட்டில் தலையை நாலு பக்கமும் உலுக்கிப் பாருங்கள், கயிறு குதியுங்கள், குனிந்து நிமிருங்கள். பிறகு தெப்பக்குளத்தைச் சுற்றி வேக நடை. அதில் பிடிப்பு நன்றாக இருந்தால் மெல்லோட்டம், அதற்கும் பிறகுதான் ஆட்டம். பேட்ச் நிற்குமா என்பதைவிட, நிற்கும் என்று நம் மனசு நம்புவதற்குத்தான் இந்த ஒத்திகை. மனசு தலையிலேயே இருந்தால் பந்து எங்கே வருகிறது என்று தெரியாது.

வேர்த்தால் துடைக்காதீர்கள், ஒற்றியெடுங்கள். மெல்லிய காட்டன் கைத்துண்டை நெற்றியில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். நெற்றியிலிருந்து மேல்நோக்கி ஒரே வழியாகத் துடைத்தால் லேஸ் சுருண்டுவிடும். நெற்றிப்பட்டை கட்டுவதாக இருந்தால் விளிம்புக்கு ஒரு விரல் கீழே, புருவத்துக்கு மேலே கட்டுங்கள். லேஸ்மேல் கட்டினால் உரசி உரசி முடி உதிரும்.

ஹெல்மெட் பலருக்கும் பயம். முதலில் மெல்லிய, வழுக்கும் துணிக் குல்லாவைப் போடுங்கள். ஹெல்மெட் பட்டைகளை இரண்டு கையாலும் நன்றாக விரித்து, நேராக மேலிருந்து இறக்குங்கள். முன்விளிம்பு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பின்னால் போகக்கூடாது. கழற்றும்போதும் அதேபோல விரித்துத் தூக்குங்கள், குல்லா தலையிலேயே நிற்கட்டும், பிறகு குல்லாவை மெதுவாக எடுங்கள். பேட்சுக்காக ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போவது உயிரோடு விளையாடுவது.

ஜிம்மில் பெஞ்சில் படுக்கும்போது தலைக்கடியில் வழுவழுப்பான துண்டை விரித்துக்கொள்ளுங்கள். சிரசாசனம் பேட்சோடு வேண்டாம். யானைமலை, சமணர் மலை ஏறுபவர்களுக்குப் பாறையில் காற்று முகத்துக்கு நேராக அடிக்கும். முன்விளிம்பை நன்றாகப் பார்த்துவிட்டு ஏறுங்கள், அகலத் தொப்பி ஒன்று கையில் இருக்கட்டும்.

நீச்சலுக்கு முன்னால் முடியை நல்ல தண்ணீரில் நனைத்துக் கொஞ்சம் கண்டிஷனர் தடவிக்கொண்டால், குளோரின் தண்ணீரை முடி அவ்வளவாக உறிஞ்சாது. மேலே சிலிக்கோன் நீச்சல் தொப்பி. வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். டைவ் அடிக்க வேண்டாம்.

குற்றால அருவிக்கு அடியில் பேட்சோடு நிற்கக் கூடாது, எந்த க்ளூவும் அந்த அடியைத் தாங்காது. ராமேசுவரத்தில் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். க்ளூ புதிதாக இருந்தால் நிற்கும், ஒரு வாரம் ஆனதாக இருந்தால் முன்விளிம்பு நனைந்து வெளுக்கும். இந்த இடங்களுக்குக் கழற்றிவிட்டுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போவதே சுகம். அருவியில் நிற்கும் கூட்டத்தில் பாதித் தலைகள் மொட்டையும் வழுக்கையும்தான், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கபடிக்கும் பேட்சைக் கழற்றிவிட்டே போங்கள்.

படி 7: நம்ம வழக்கங்களோடு

எண்ணெய் பேட்சுக்குப் பகை. தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு சொட்டு விளிம்பில் இறங்கினால் க்ளூ இளகும். அதற்காக எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட வேண்டாம். பேட்சைக் கழற்றுகிற நாளையே எண்ணெய்க் குளியல் நாளாக்கிவிடுங்கள். க்ளூ மிச்சமும் எண்ணெயில் இளகி வரும், மூடியே கிடந்த தோலும் குளிரும். சீயக்காய் போட்டு நன்றாக அலசி, ஒரு ராத்திரி முழுவதும் தலையைக் காற்றாட விட்டுவிட்டு மறுநாள் ஒட்டுங்கள். தீபாவளிக்கும் இதே கணக்குதான்.

கோயிலில் திருநீற்றை நெற்றியில் பூசும்போது விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பூசுங்கள். வெளியே பிதுங்கிய க்ளூவில் திருநீறு ஒட்டினால் நெற்றியின் குறுக்கே வெள்ளை நூல் போட்டதுபோல் தெரியும், துடைத்தாலும் போகாது. ஒட்டும் அன்றே, பிதுங்கிய க்ளூவை ஆல்கஹால் தொட்ட பட்ஸால் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தெருப்புழுதி ஒட்டிக் கருப்புக் கோடு விழுவதற்கும் அதே வைத்தியம்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். நெரிசல், வெக்கை, தண்ணீர் மூன்றும் சேர்ந்த நாள் அது. இரண்டு நாள் முன்னால் புதிதாக ஒட்டி, மேலே துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் துண்டு யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. குலதெய்வத்துக்கு மொட்டை வேண்டுதல் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். பேட்சைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போய் மொட்டை போட்டு, பக்க முடி வளர்ந்த பிறகு திரும்ப வைக்கலாம். அதுவரைக்கும் தோலுக்கும் ஓய்வு.

படி 8: கழற்றுவது, கழுவுவது

கோடையில் தினமும் வேர்ப்பவர் ஏழிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை கழற்றியே ஆக வேண்டும். மார்கழி, தையில் இரண்டு வாரம் வரை போகலாம். வறட்டு இழுப்பு கூடவே கூடாது. க்ளூவை இளக்கும் ரிமூவர் திரவத்தைப் பின்பக்க விளிம்பில் தெளித்து ஐந்து நிமிடம் பொறுங்கள், பிறகு சின்னத் தூரிகையால் தடவித் தடவி பின்னாலிருந்து முன்னால் உரித்துக்கொண்டு வாருங்கள். எங்கே பிடிக்கிறதோ அங்கே இன்னும் ஒரு தெளிப்பு. லேஸ் கிழிவதெல்லாம் கடைசி இரண்டு அங்குலத்தில் பொறுமை போய் இழுக்கும்போதுதான்.

பேஸில் இருக்கும் க்ளூவை ரிமூவரில் ஊறவைத்து எடுத்த பிறகு, சல்பேட் இல்லாத ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, முடி விழும் திசையிலேயே அலசுங்கள். கசக்க வேண்டாம். கண்டிஷனர் நுனி முடியில் மட்டும். பேஸில் பட்டால் முடிச்சு இளகி முடி கழன்று வரும்.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். நம்ம பகுதியில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் அலசினால் ஷாம்பு நுரைக்காது, முடி பனைநார் போல விறைக்கும், லேஸில் வெள்ளைப் பூத்துவிடும். கடைசி அலசலுக்காவது ஆற்றுத் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு சொம்பு எடுத்து வையுங்கள்.

காய வைக்க மர மண்டை வாங்க வேண்டியதில்லை. எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்து, மேலே பழைய காட்டன் வேட்டித் துண்டைச் சுற்றி, அதன்மேல் பேட்சை உட்கார வையுங்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில். வெயிலில் வைத்தால் செம்பட்டை, ஈரத்தோடு டப்பாவில் மூடினால் நாற்றம்.

அதே நாளில் தலையையும் வெளிச்சத்தில் பாருங்கள், முடிந்தால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சீழ் கோத்த சின்னச் சின்னப் பருக்கள், நீர் கசிவு, செதில், விடாத அரிப்பு, கெட்ட வாடை இதில் எது இருந்தாலும் பேட்ச் வேண்டாம். தோல் ஆறும் வரை தொப்பி போதும். இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால் டாக்டர். மேலே க்ரீம் தடவி அதன்மேல் ஒட்டுவதுதான் மிக மோசமான வேலை.

பெண்களுக்கு

பெண்கள் உச்சியில் வைக்கும் டாப்பர் பெரும்பாலும் கிளிப்போடு வரும். சொந்த முடியில் மாட்டுவதால், கிளிப் பிடிக்கும் இடத்தை வாரத்துக்கு வாரம் மாற்றுங்கள். உடற்பயிற்சிக்கு முடியை இறுக்கிக் கொண்டை போடாமல் தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். பூ வைப்பதில் ஒன்று சொல்ல வேண்டும். மல்லிகையைச் சொந்தப் பின்னலில், பிடரிக்குப் பக்கத்தில் செருகுங்கள். டாப்பரின் பேஸில் ஹேர்பின் குத்திப் பூச்சரத்தைத் தொங்கவிட்டால் நனைந்த சரத்தின் பாரம் பேஸையே பின்னால் இழுத்து, முன்னால் வகிடு கோணலாகிவிடும். சவுரி வைத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பாரக் கணக்கு ஏற்கெனவே தெரியும்.

கைப்பையில் வைத்திருக்க வேண்டியவை

வெட்டி வைத்த டேப் துண்டுகள், ஆல்கஹால் பஞ்சு, சின்னக் கண்ணாடி, சின்ன சீப்பு, கைத்துண்டு, ஒரு தொப்பி. ஆட்டத்தின் நடுவில் ஓரம் கிளம்பினால் பதறாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒதுங்குங்கள். அந்த இடத்தை ஒற்றிக் காயவைத்து, ஆல்கஹாலில் துடைத்து, ஒரு துண்டு டேப்பை வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். ஈரத்தின்மேல் புது டேப் பிடிக்காது. கூட ஆடுபவர்களில் நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். "பின்னாடி லேசா தூக்குதுடா மாப்ள" என்று காதோரம் சொல்ல ஒரு ஆள் இருந்தால் மற்ற எல்லாப் பயமும் பாதியாகக் குறைந்துவிடும்.

எத்தனை நாள் வரும்

லேஸ் பேட்ச் நல்ல பராமரிப்பில் பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதம். தினமும் வேர்ப்பவர் மூன்று மாதம் என்றே வரவு செலவில் எழுதிக்கொள்ளுங்கள். மோனோ அதைவிடக் கூடுதலாக உழைக்கும், மிக மெலிசான ஸ்கின் பேஸ் ஒரு மாதத்திலேயே போய்விடலாம். ஒரே விலையுயர்ந்த பேட்சைவிட, நடுத்தர விலையில் இரண்டு பேட்ச் வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. ஒன்று கழுவிக் காயும்போது இன்னொன்று தலையில் இருக்கும், இரண்டும் கூடுதல் நாள் வரும். நெற்றியில் முடி உதிர்ந்து வலை தெரிய ஆரம்பித்த பழையதையும் தூக்கிப் போடாதீர்கள். முன்னால் தொப்பி மறைத்துவிடும், அதனால் மழை நாள் ஓட்டத்துக்கு அது போதும்.